தெத்சுரோ சித்தப்பாவின் முத்திரை

நீகாதா,
ஜனவரி 27, செவ்வாய்

அன்புள்ள தெத்சுரோ சித்தப்பாவுக்கு,

ஃபுமிகா வணக்கத்துடன் எழுதுகிறேன். இங்கே கூரைப் பனியை இதுவரை இரண்டு முறை தள்ளிவிட்டோம். அங்கே ஒகயாமாவில் நல்ல வெயில் என்று சிசுரு சித்தி தொலைபேசியில் சொன்னார். குட்டி ஹருதோவுக்கு இருமல் நின்றதா?

நேற்று நடந்ததையும் சித்திதான் சொன்னார். முகம் தெரியாத ஒருவருக்கு எலும்பு மஜ்ஜை கொடுக்கச் சித்தி தயாராக இருந்தும், சம்மதப் படிவத்தின் குடும்பத்தார் கட்டத்தில் நீங்கள் கையெழுத்தாக உங்கள் முத்திரையை வைக்கவில்லையாம். மஜ்ஜைக் கொடையாளர் பதிவகத்தார் வெள்ளிவரை யோசிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். நான் இதில் தலையிடக் கூடாது. தெரிந்தேதான் எழுதுகிறேன்.

புத்தாண்டு விருந்தில் நீங்கள் அம்மாவிடம், "அக்கா, நான் சோதிச்சு முத்திரை குத்தின லிஃப்ட் ஒண்ணுகூட விழுந்ததில்ல. மஜ்ஜை எடுக்க மயக்க மருந்து குடுத்தா சிசுரு கண்டிப்பா முழிச்சுக்குவாள்னு எழுதிக் குடுங்க, இப்பவே குத்துறேன்" என்றீர்கள். அம்மா, "அப்படி யாருக்கும் எழுதிக் குடுத்ததில்லப்பா. ஆபத்து ரொம்ப ரொம்பக் குறைவு. இல்லவே இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார். எனக்குக் கோபமாக வந்தது. இருபத்திரண்டு வருடமாக இரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்ப்பவர் ஒரே ஒரு பொய் சொன்னால் என்ன என்று பிறகு கேட்டேன். "அப்புறம் நான் சொல்ற எதை நம்புவாங்க?" என்று பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

அம்மாவின் வார்டில் என் வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். பெயரை அம்மா சொல்லமாட்டார். பழைய புத்தகங்களில் பூஞ்சை இருக்கலாம் என்பதால் அவளுக்குப் புதிதாக வாங்கி, துடைத்து அம்மாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். "கதை முடிவைச் சொல்லித் தொலைக்காத. அடுத்த புத்தகம் குண்டா அனுப்புடி, எனக்கு இங்க வேற வேலையா?" என்று சீட்டு வந்தது. இப்போது நோய் அடங்கியிருக்கிறது. அது திரும்புவதற்குள் மஜ்ஜை மாற்றியாக வேண்டும்.

நேற்று மாலை அம்மா வீட்டுக்கு வந்து, ஒரு காலணியை மட்டும் கழற்றிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மருத்துவமனைக்குப் பேசியது காதில் விழுந்தது. அந்தப் பெண்ணுக்கு மஜ்ஜை கொடுக்கவிருந்தவர் வீட்டில் சம்மதம் கிடைக்கவில்லையாம். வெள்ளிவரை பார்ப்பார்களாம். புதிதாக ஒருவரைத் தேட மாதக்கணக்காகுமாம். நான் வாயைத் திறப்பதற்குள், "இந்த வாரம் சித்தி பேச்சே எடுக்காத" என்றார். கொடுப்பவர் யாரென்று மருத்துவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தாலும் வற்புறுத்தக் கூடாது. அம்மாவால் கேட்கவும் முடியாது, கேட்காமல் தூங்கவும் முடியாது.

சித்தியின் மஜ்ஜை அவளுக்கல்லாமல் வேறு யாருக்காகவோ இருக்கலாம். அப்படியானால் அந்த யாரோ ஒருவரும் வெள்ளிக்காகத்தான் காத்திருப்பார்.

நீங்கள் பயப்படுவது தவறில்லை, சித்தப்பா. சித்தி இல்லாத வீட்டில் ஹருதோவை நானும் நினைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் முடியவில்லை. அதனால் முத்திரை வைக்கும்படி கேட்கமாட்டேன். இந்தக் கடிதம் வியாழனன்று வந்துசேரும். சித்தியோடு இன்னொரு முறை உட்கார்ந்து பேசுங்கள். அது போதும்.

உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வரக் கூடாது. அவளுக்கும்.

பணிவுடன்,
ஃபுமிகா