இரண்டாவது வாயில் சந்தனம்

8 அக்டோபர் 2024, செவ்வாய்

சோழவந்தான் பஸ்ஸில் இன்றும் நின்றுகொண்டுதான் வந்தேன். வெற்றிலைக் கட்டுக்கெல்லாம் இடம் இருக்கிறது, மனுஷிக்கு இல்லை.

பட்டறைக்கு அளவு பார்க்கும் புது கேஜ் வந்திருக்கிறது. முதலாளி முத்திருளன் அண்ணன் அதைப் பச்சைப் பிள்ளை மாதிரி துணியில் சுற்றி வைத்திருந்தார். பதினைந்து வருஷமாக மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்த இடம் இது. இப்போது வடக்கே ஒரு துப்பாக்கிக் கம்பெனி ஐந்நூறு ஊசி கேட்டிருக்கிறது. விசையை அழுத்தினால் தோட்டாவின் பின்பக்கத்தில் போய்த் தட்டுமே, அந்த ஊசி. ராணுவ டெண்டருக்காகச் சுட்டுக் காட்டப்போகும் துப்பாக்கிகளுக்குள் அது போகும். சரியாக அமைந்தால் மூன்று வருஷத்துக்கு ஆர்டர்.

கேஜுக்கு இரண்டு வாய். முதல் வாயில் ஊசி நுழைய வேண்டும், இரண்டாவதில் நுழையக் கூடாது. நுழைந்தால் ஊசி மெலிசு, ஒதுக்கிவிட வேண்டும். இதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

11 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜை. லேத்துக்கெல்லாம் ஆம்பளைகள் பொட்டு வைத்தார்கள். கேஜுக்கு நான். வேலை செய்வது வாய்தானே என்று இரண்டு வாயிலும் மோதிர விரலால் சந்தனம் தொட்டு வைத்தேன். பொரி நமுத்துப் போயிருந்தது. யாரிடம் சொல்ல?

18 அக்டோபர், வெள்ளி

ஐந்நூறும் முடிந்தது. நாலு நாளாக ஒவ்வொன்றாக அளந்து விரல் முழுக்க எண்ணெய். ஒதுக்கியது வெறும் மூன்று, கூடுதலாகக் கடைந்து வைத்ததிலிருந்து ஈடுகட்டியாயிற்று. அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, எல்லாருக்கும் பால்பன் வாங்கித் தந்தார். நாளைக்கு பார்சல் கிளம்புகிறது.

22 அக்டோபர், செவ்வாய்

கேஜைப் பெட்டிக்குள் வைக்குமுன் பெட்ரோல் தொட்ட பஞ்சால் துடைத்தேன். இரண்டாவது வாயிலிருந்து பஞ்சு மஞ்சளாக வந்தது.

முதலில் புரியவே இல்லை. பிறகு கேஜை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெளியே இருந்த சந்தனம் என்றைக்கோ உதிர்ந்துவிட்டது. முதல் வாயில் ஊசிகள் போய் வந்தே துடைத்துவிட்டன; இரண்டாவதில் உள்ளே இருந்தது ஒட்டிக் காய்ந்திருக்கிறது. தலைமுடியில் கால்வாசி கனம் இருக்குமா? அது போதும். வாய் குறுகிப்போய், மெலிந்த ஊசியைக்கூட நுழையவிடாமல் நிறுத்தி, நல்ல ஊசி என்று காட்டியிருக்கிறது. பூஜைச் சந்தனத்தை இந்தப் பட்டறையில் யாரும் துடைப்பதில்லை, தானாகப் போகட்டும் என்று விடுவதுதான் வழக்கம். ஆனால் தினமும் கேஜோடு வந்த அளவு ஊசியைப் போட்டு கேஜைச் சரிபார்க்க வேண்டியது யார்? நான்தான். புது கேஜ்தானே என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

மீதி கைவசம் இருந்த பத்து ஊசியைத் திரும்ப அளந்தேன். இரண்டு, மெலிசு.

பேக்கிங் பார்க்கும் மாயக்காளிடம் மட்டும் சொன்னேன். அவள் ஊசிப் பெட்டியை மூடி என் பக்கம் தள்ளினாள்.

“சும்மா இரு அக்கா. நீ சொல்லாட்டி யாருக்குத் தெரியப் போகுது? பதினோரு குடும்பம் இதுல கெடக்கு.”

அவள் சொன்னதில் என்ன பொய்? ஒன்றுமில்லை. பதினொன்றில் என் வீடும் ஒன்று.

23 அக்டோபர், புதன்

ஊசி மெலிந்தால் துளைக்குள் ஆடும். ஆடினால் தோட்டாவின் நடுவில் சரியாகத் தட்டாது. தோட்டா வெடிக்காமல் நிற்கலாம். எவனோ ஒருத்தன், எங்கேயோ, விசையை அழுத்திவிட்டுக் காத்துக்கொண்டிருப்பான் — நான் வைத்த பொட்டால்.

சொல்லிவிட்டேன். பஞ்சையும் காட்டினேன். அண்ணன் ஓடிக்கொண்டிருந்த லேத்தை நிறுத்தினார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

“பார்சல் எங்க வரைக்கும் போயிருக்கு?”

அவ்வளவுதான் கேட்டார். வெளியே வேப்பமரத்தடியில் நின்று கம்பெனிக்கு போன் பேசினார். வெகுநேரம் பேசினார்.

4 நவம்பர், திங்கள்

ஐந்நூறும் திரும்பி வந்துவிட்டது. அளந்தேன். அறுபத்துமூன்று மெலிசு. வேறு ஊர்க் கம்பெனியின் ஊசி போட்டுச் சுட்டுக் காட்டப் போகிறார்களாம். மாயக்காள் தன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

17 டிசம்பர், செவ்வாய்

பம்பு ஷாஃப்ட். நேற்றும் அதே.

20 ஜனவரி 2025, திங்கள்

ராத்திரி ஷிஃப்ட்டை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் என்னிடம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசுவதில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். “அவரா போகச் சொன்னாரு?” என்றார். இல்லை. அது என்னவோ அதைவிட வலிக்கிறது. செய்தது தப்பு, சொன்னது சரி. இரண்டும் நானேதான், எதற்கு அழுவது என்று தெரியாமல் அழுதேன்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

கம்பெனியிலிருந்து போன். துப்பாக்கி தேறிவிட்டதாம். ஊசிக்கு இன்னொரு பட்டறை வேண்டுமாம், ஐம்பது செய்து அனுப்பச் சொல்கிறார்கள். எதற்காக எங்களை என்று அவர்களும் சொல்லவில்லை, அண்ணனும் கேட்கவில்லை. தினமும் காலையில் அளவு ஊசி போட்டுப் பார்க்கிறேன். மத்தியானமும் பார்க்கிறேன்.

9 செப்டம்பர், செவ்வாய்

ஐம்பதும் தேறியது. இரண்டாயிரத்துக்கு ஆர்டர். மாயக்காள் தானாக வந்து என் சோற்றில் ஒரு கரண்டி கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள்.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. சந்தனக் கிண்ணத்தை யாராவது எடுக்கட்டும் என்று ஒதுங்கியே நின்றேன். அண்ணன் தேடிவந்து என் கையில் கொடுத்தார். கேஜ் பெட்டியை மேஜைமேல் வைத்து மூடியில் ஒரு பொட்டு வைத்தேன். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ளுக்க வச்சிறாத தாயி.”

பட்டறையே சிரித்தது. நானும்தான். ஒரு வருஷம் கழித்து என்னிடம் வேலையைப் பற்றி அல்லாத ஒரு பேச்சு. இல்லை, அதுவும் வேலையைப் பற்றித்தான்.

பொரி இந்த வருஷமும் நமுத்துத்தான் இருந்தது. இரண்டு கை அள்ளிச் சாப்பிட்டேன்.