தினேஷ் கைவிட்ட அணி

புரட்டாசி, வியாழன் இரவு

இன்று காலையும் தோற்றுவிட்டார்கள். மகன் தினேஷ் வேலை பார்க்கும் அமெரிக்க ஊரின் பேஸ்பால் அணியைத்தான் சொல்கிறேன். மூன்று ரன் முன்னால் இருந்தார்கள். கடைசி இன்னிங்ஸில் வழக்கமாகச் சொதப்பும் அந்தப் பந்து வீச்சாளனையே இறக்கி, எல்லாவற்றையும் வாரிக் கொடுத்துவிட்டார்கள். ஜூன் மாதம் யாராலும் நெருங்க முடியாத அணி. இப்போது இரண்டாம் இடத்துக்காரன் ஒரே ஒரு ஆட்டம்தான் பின்னால் நிற்கிறான். சீசன் முடிய ஒரு வாரம்கூட இல்லை.

லேப்டாப் முன்னால் நான் நின்றுவிட்டதில் இட்லிப் பானையில் தண்ணீர் வற்றிப்போனது. "ஏனம்மணி, அவனுக தோத்தா நம்மூட்டுப் பானை எதுக்குக் கருகுது?" என்றார் வீட்டுக்காரர். பானையை இறக்கி ஊறப்போட்டேன்.

சாயங்காலம் தினேஷ் கூப்பிட்டான். எடுத்ததும், "ஏங்கண்ணு, அவனை எதுக்கு மறுபடியும் எறக்குனாங்க?" என்று கேட்டேன்.

"யாரைங்கம்மா? நான் பாக்கறதையே விட்டுப்போட்டேனுங்க. அவங்க வருசா வருசம் இப்படித்தான்."

எரிச்சலாக வந்தது. சாப்பிட்டாயா, மழையா என்பதற்கு மேல் போனில் பேச ஒன்றும் இல்லாமல் போனபோது, இவனுக்காகத்தானே இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன்? விதிகளைச் சொல்லிக் கொடுத்ததும் இவன்தான். இன்று மறுபடியும் சாப்பாடு, மழை, அவ்வளவுதான்.

வைக்கும் முன், "நாளைக்கும் நான் பாப்பேன்" என்றேன்.

"பாருங்க. ஜெயிச்சா சொல்லுங்கம்மா" என்கிறான்.

ஜெயித்தால் சொல்ல வேண்டுமாம். தோற்றால் இந்த ஆர்.எஸ்.புரத்தில் நான் யாரிடம் போய்ப் புலம்புவது?