வெட்டிய இருமல்

என்ரை ஆசை அத்தானுக்கு,

இன்று காலை அக்கா உங்கள் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு என் குரலைக் கேட்டாள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

கனடாவில் நம் மார்க்கம் வீட்டுப் பேஸ்மென்டில் நீங்கள் நடத்திய ப்ளூஸ் வானொலி நிகழ்ச்சியில் இப்போது பேசுவது நான், எடிட் செய்வது அக்கா. ப்ளூ என்றால் நீலம்தானே என்று முதல் வாரம் அதற்கு ‘நீலப் பாட்டுகள்’ என்று பெயர் வைத்தீர்களே, நினைவிருக்கிறதா? “பிள்ளையள் இருக்கிற வீட்டிலை உதென்ன நீலப்படம் மாதிரி?” என்று ஓர் அன்ரி ஃபோனில் கிழித்தா. அடுத்த வாரமே நீலத்தைக் கைவிட்டீர்கள்.

ஆனால் என்ன அழகாகச் சொன்னீர்கள்! அமெரிக்காவின் மிசிசிப்பிப் பருத்தி வயல்களில் கறுப்பினத் தொழிலாளி ஒருவர் துயரத்தோடு குரல் கொடுக்க மற்றவர்கள் எடுத்துப் பாடியது. கிழக்கே மலையடிவாரங்களில் அதே துயரம் கிற்றார் மீட்டும் விரல் நுனியில் மெல்லத் துள்ளியது. ரயிலேறிச் சிக்காகோ போனவர்கள் கிற்றாருக்கு மின்சாரம் கொடுத்தது. “ஊரை விட்டு வந்தவன் சத்தமாத்தான் பாடவேணும். இல்லாட்டி ஃபக்டரி இரைச்சலுக்குள்ளை ஆருக்குக் கேக்கும்?” என்பீர்கள்.

பழைய பதிவுகளில் பாடகர் காலால் பலகையைத் தட்டுவது கேட்கும். ஒருமுறை அதை நீக்கிவிட்டேன். “விசரே உனக்கு? அதுதானடா அவன்ரை மேளம். மனுசன்ரை சத்தத்தை வெட்டாதை!” என்று கத்தினீர்கள்.

உங்கள் இருமலை மட்டும் வெட்டச் சொன்னீர்கள். “குளிரடா, வெட்டு.” வெட்டினேன். முதலில் ஒன்றிரண்டு, கடைசியில் வசனத்துக்கு வசனம். இரண்டு வேலைக்கு ஓடிய அக்கா உங்களை வானொலியில்தான் அதிகம் கேட்டாள். “குரல் கணீரெண்டு இருக்கு, அவருக்கு ஒண்டுமில்லை” என்றாள். அந்தக் குரலைச் செய்தவன் நான். டொக்டர் ‘பிந்திவிட்டது’ என்றபோதும், நீங்கள் கண்மூடிய பிறகும், இருமலை வெட்டியதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. ஏன் அத்தான், நீங்களாவது அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

இன்று என் பதிவின் நடுவில் அவள் ஹெட்போனைக் கழற்றினாள். “தம்பி, உந்த இருமல் எப்ப துவங்கினது?”

“குளிரக்கா, வெட்டுங்கோ.”

சொன்ன பிறகுதான் அது உங்கள் வசனம் என்று நெஞ்சில் இடித்தது.

“உன்ரை அத்தான் ஒருநாளும் றேடியோவிலை இருமினதில்லை” என்றாள். பிறகு கார்ச் சாவியை எடுத்தாள்.

மத்தியானம் எனக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். நாளைக் காலையே வரச்சொல்லி இப்போது ஃபோன் வந்தது. இவ்வளவு கெதியாக ஏன் கூப்பிடுகிறார்கள்?

உங்கள் வெட்டாத பதிவுகள் என்னிடம் இருக்கின்றன. டொக்டர் என்ன சொன்னாலும், நாளைக்கு அவற்றை அக்காவின் கையில் கொடுப்பேன். அவள் கேட்டு முடிக்கும்வரை எழுந்து போகமாட்டேன்.

உங்கள் இருமலை வெட்டிய
மச்சான்