பலாப் பால் பட்ட பலகை

சுங்கை லாலாங்
சுபானு வருடம், ஆடி மாதம்

அன்பு மகள் மருதம்மாளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் தைப்பிங்கில் சுகமாக இருக்க மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரி எழுதுவதுதான் வழக்கம், இந்த முறை அதற்குக் கை வரவில்லை. தபாலில் போட்டால் பிரித்துப் படிக்கிறார்கள் என்பதால் கருவாட்டு வியாபாரி அப்பளசாமியிடம் கொடுத்தனுப்புகிறேன், படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன் தம்பி அம்மாசியைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கொண்டுபோனது ஜப்பான்காரன், பிடித்துக் கொடுத்தது நம்மோடு தோட்டத்து லயத்தில் வீட்டோடு வீடு ஒட்டிக் குடியிருக்கிற ஆட்கள்தான்.

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு பங்களாவில் ஜப்பான் அதிகாரி இருக்கிறான், நான்தான் அங்கே கூட்டித் துடைக்கிறேன் என்று உனக்குத் தெரியும். போன மாதம் அவன் சுங்கைப்பட்டாணிக்குப் போயிருந்தபோது அம்மாசி பங்களாப் பலாவில் ஒரு பழத்தை இறக்கிவிட்டான். லயத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறு எதையும் வாயில் வைத்து நாளாகியிருந்தது. முழுப் பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் கண்ணில் படும் என்று பங்களா முன்பக்கத்துக் கூரையில்லாத பலகைத் தளத்திலேயே வைத்து அறுத்து, துண்டுகளை ரப்பர் பால் எடுக்கும் வாளியில் போட்டு மூடிக்கொண்டு வந்து வீட்டுக்கு வீடு கொடுத்தான். கத்தியில் எண்ணெய் தடவாமல் பலா அறுத்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பலகை முழுக்கப் பால். தண்ணீர் ஊற்றித் தேய்த்திருக்கிறான், அது இன்னும் பரவிப் புழுதியைப் பிடித்துக்கொண்டு கறுத்துப்போய்விட்டது. அதிகாரி கண்ணில் பட்டால் திருட்டு வெளியே வரும், திருடினவன் நேரே சயாமுக்குத்தான்.

நான் மழுங்கிய கத்தியால் மரத்தின் நார் ஓடும் வாட்டத்திலேயே மெல்லச் சுரண்டினேன். உன் அம்மா சாமி விளக்குக்கு ஒளித்து வைத்திருந்த தேங்காய் எண்ணெயைத் தடவி ஊறவிட்டு, தேங்காய் மட்டையால் தேய்த்து, சாம்பல் போட்டுத் துடைத்தேன். பிசின் போய்விட்டது. ஆனால் வெயிலில் வெளுத்த பலகைகளுக்கு நடுவே அந்த இடம் மட்டும் கறுப்பாக மினுமினுவென்று நின்றது. மற்ற பலகைகளுக்கும் கொஞ்சம் தடவிவிட்டால் வித்தியாசம் தெரியாது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எண்ணெயா மாமா, தலைக்கே இல்லியே என்றாள் அழகம்மா. அவள் வாயில் அப்போதும் பலா வாசம் அடித்தது. ஒம் மவன் செஞ்ச வேல, நீயே பாத்துக்க என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் பிச்சை கதவைச் சாத்தினான். தின்ற வாய் ஒன்றுகூட ஒரு கரண்டி எண்ணெய் தரவில்லை மருதம்மா.

அதிகாரி வந்தான். மினுங்கிய இடத்தில் நின்று பூட்ஸ் முனையால் தடவிப் பார்த்தான். ஐயாவுக்கு இது ரொம்பப் புடிச்சிருக்காம், தளம் முழுக்க இப்படியே ஆகணுமாம், லயத்துல எண்ணெய் எடுத்துக்கச் சொல்றார் என்று ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி சீனிவாசகம் தமிழில் சொன்னார். அன்றே சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். இல்லை என்று சொன்ன எண்ணெய் எல்லாம் கூரையிலிருந்தும் அரிசிப் பானைக்குள்ளிருந்தும் வெளியே வந்தது. அழகம்மா பிள்ளையின் சொறிக்கு வைத்திருந்ததும் போயிற்று. அத்தனையையும் அதிகாரி என் கையாலேயே பலகையில் ஊற்றித் தேய்க்க வைத்தான். நான்தான் காட்டிக் கொடுத்தேன் என்று லயம் முழுக்கப் பேச்சு. சொல்லிப் பார்த்தேன், யார் காதிலும் ஏறவில்லை.

அப்புறம் சயாமுக்கு ஆள் வேண்டும் என்று உத்தரவு வந்தது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லாரையும் நிறுத்தி, எந்த வீட்டிலிருந்து எடுக்கலாம் என்று கங்காணி கேட்டார். எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். உன் அம்மா சாக்கில் தைத்துக் கொடுத்த சட்டையோடு அம்மாசி லாரியில் ஏறினான். இன்றுவரை ஒரு சேதியும் இல்லை. உன் அம்மா யாரிடமும் பேசுவதில்லை, என்னிடமும்தான்.

மாப்பிள்ளையை இலவசப் படம் காட்டுகிறோம் என்று யார் கூப்பிட்டாலும் போகவிடாதே, அங்கேயே வளைத்து லாரியில் ஏற்றுகிறார்களாம். குழந்தைக்குக் கிழங்கை நன்றாக வேகவைத்துக் கொடு. எங்களைப் பார்க்கக் கிளம்பி வராதே. மாரியாத்தாள் உன் தாலியையும் பிள்ளையையும் காக்கட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. இங்கே பசி தாங்காமல் சிலர் உங்கள் பக்கம் கிளம்புகிறார்கள். நம் லயத்து ஆள் எவராவது உன் வாசலில் வந்து நின்றால் தண்ணீர்கூடக் கொடுக்காதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வேண்டாம், இருப்பதைப் போடு. ஆனால் அம்மாசியின் அக்கா நான் என்று சொல்லிவிட்டுப் போடு.

இப்படிக்கு
உன் அப்பா
பக்கிரிசாமி