மூன்றாவது வளைவில் கடல்

பாப்பாவின் அப்பாவுக்கு,

இல்லை, மலைப்பாதையில் எனக்குத் தலைசுற்றவில்லை. யோசித்துக்கொண்டு வந்தேன்.

இந்தப் பக்கம் வருவது இதுதான் முதல் தடவை என்றீர்கள். பிறகு பாப்பாவிடம், "கண்ணை மூடிக்கோ குட்டி, மூணாவது வளைவுல கடல் தெரியும்" என்றீர்கள். எண்ணினேன். மூன்றாவதில் தெரிந்தது.

விடுதிக்காரர், "அதே மாடி ரூம்தானே சார்?" என்றார். "ஆளை மாத்திப் பேசுறாரு" என்று சிரித்தீர்கள். அறையில் விளக்கின் சுவிட்ச் அலமாரிக்குப் பின்னால் இருந்தது. உங்கள் கை தேடவே இல்லை.

போன கோடையில் அலுவலகப் பயிற்சிக்கு நான்கு நாள் போனீர்கள். என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று நான் கேட்டதே இல்லை.

நீங்களும் பாப்பாவும் அலையில் நிற்பது ஜன்னலில் தெரிகிறது. போன கோடையில் தங்கியவர்களின் பதிவேட்டை விடுதிக்காரரிடம் வாங்கி வந்தேன். பிரிக்கவில்லை. நீங்களே வாசித்துக் காட்டுவதற்காக உங்கள் தலையணைமேல் வைத்திருக்கிறேன்.

பாப்பாவின் அம்மா