நீங்கள் பிடுங்கச் சொன்ன பல்

பல் டாக்டரிடம் போய்வந்து இரண்டு மணி நேரமாகிறது, புடவையிலிருந்து அந்த மருந்து நெடி இன்னும் போகவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் கசார்வாடியில் நீங்கள் என்னைக் கூட்டிப்போன ஆஸ்பத்திரியின் அதே நெடி. உங்கள் மேல் கோபம் கோபமாக வருகிறது. போய்ச் சேர்ந்துவிட்டால் மட்டும் விட்டுவிடுவேனா?

போன வாரம் வறுத்த கடலையைக் கடித்ததில் வலது கடைவாய்ப் பல்லின் ஒரு மூலை உடைந்துவிட்டது. நம் மகன் பாணேரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். சின்னப் பெண். வேர் நன்றாக இருக்கிறது, உடைந்த இடத்துக்கு மட்டும் அளவெடுத்து ஒரு துண்டு செய்து ஒட்டலாம், ஆன்லே என்பார்கள், இரண்டு முறை வரவேண்டும் என்று மராத்தியில் சொன்னாள். என்னிடம் இல்லை, அவனிடம்.

"பிடுங்கிடச் சொல்லிடறேம்மா. இந்த வயசுல எதுக்கு ரெண்டு நடை?" என்றான் அவன்.

அப்படியே உங்கள் குரல்.

கசார்வாடியில் எனக்கு இடது பக்கம் வலி. ஊரிலிருந்து வந்து ஆறே மாதம், மராத்தியில் ஒரு வார்த்தை தெரியாது. டாக்டர் நெடுநேரம் பேசினார். நான் வாயைத் திறந்தபடி உங்கள் முகத்தையே பார்த்தேன். "ஏட்டி, பல்லு சரிவராதாம். பிடுங்கணுமாம்" என்றீர்கள். பிடுங்கினார்கள்.

முப்பது வருஷம் கழித்து, பேத்தியின் பிறந்தநாளில், வந்தவர்கள் நடுவே உட்கார்ந்து அதைக் கதையாகச் சொன்னீர்கள். "அடைச்சிரலாம், பல்லு நிக்கும்னுதான் அந்த டாக்டர் சொன்னாரு. மூணு தடவ வரணுமாம். ஷிஃப்ட விட்டுட்டு எவன் அலையுவான்? புடுங்கச் சொல்லிட்டேன். இவளுக்கு என்ன தெரியும், அஞ்சாங்கிளாஸ்!"

போசரித் தொழிற்சாலையில் ஓர் இரும்பு அச்சின் மூலை உடைந்தால் தூக்கிப்போட விடமாட்டீர்கள். கெட்ட இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, புதுத் துண்டு செய்து உட்காரவைத்துவிட்டு, சோறு தின்னும்போதும் அந்தப் பெருமையே பேசுவீர்கள். இரும்புக்கு அவ்வளவு பொறுமை. என் வாய்க்கு மூன்று நடை கிடையாது.

அஞ்சாங்கிளாஸ்தான். ஆனால் காய்கறிக்காரர்களிடம் சண்டை போட்டே மராத்தி படித்தவள் நான். டாக்டரிடம், "காடூ நகா. தாத் மாஜா ஆஹே" என்றேன். பிடுங்காதே, பல் என்னுடையது. மகனிடம் திரும்பி, "வாய மூடுல. அவங்க என் வாயத்தான பாக்காங்க?" என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "பரோபர், ஆஜி", சரிதான் பாட்டி, என்று நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இன்று துண்டை ஒட்டியாயிற்று. நீலக் காகிதத்தை வைத்துக் கடிக்கச் சொன்னாள். இடிக்கிறதா என்று என்னிடமே கேட்டாள். கொஞ்சம் என்றேன். தேய்த்தாள். மறுபடி கடித்தேன். உட்கார்ந்துவிட்டது.

அதனால் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். அதில் பாதி என் மேல்தான். பேத்தியின் பிறந்தநாளன்று நீங்கள் சொல்லி முடித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். ஏன் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. எழுந்துபோய்க் கேசரி எடுத்துவந்து, முதல் தட்டை உங்களிடம்தான் நீட்டினேன்.