தண்ணீர் நின்ற இடம்

பாப்பாவின் அப்பாவுக்கு,

திருப்பூருக்குத் திரும்பியதிலிருந்து நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

பாப்பாவை டெங்கு கொண்டுபோன பிறகு, வீட்டுக்குப் பின்னால் மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளத்தை என்னால் பார்க்கவே முடியவில்லை. "சிமெண்ட் போட்டு மூடிடலாம்மா," என்றார் உங்கள் அண்ணன்.

"மூடினா தண்ணி பக்கத்து வூட்டுல போயி நிக்குங்க மாமா. அங்கயும் சின்னப் புள்ளைங்க இருக்குதே," என்றேன்.

நானே ஆழமாகத் தோண்டி, மணலும் மக்கிய எருவும் கலந்து போட்டு, கல்வாழையும் வெட்டிவேரும் நட்டேன். நேற்று பெருமழை. இன்று பார்த்தால் எல்லாத் தண்ணீரையும் மண் குடித்திருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் செடிகளைச் சுற்றி ஓடினார்கள். கொஞ்ச நேரம்தான் பார்த்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்காவது வாருங்கள். மொரப்பூர் ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். தனியாக அழ முடியவில்லை.

உங்கள் மனைவி